கங்கம்மாள் சிபாரிசு செய்த படம்

கும்மிடிப்பூண்டியில் என் அம்மா கங்கம்மாளிடம் நண்டு வாங்குகிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர்கூட அந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்படாமல் தப்பித்திருக்க முடியாது. கூடையை இறக்கி, நண்டை உடைத்துச் சுத்தம் செய்துகொண்டே பேச்சை ஆரம்பிப்பாள்.

"அக்கா, 'எங்க ஊட்டு விலாசம்'னு ஒரு படம் வந்துக்குது, பார்த்தியா? இன்னாக்கா நீ, படிச்சவங்க பார்க்க வேணாமா? திருநங்கைங்க கதை. மூணு பேரு வாடகைக்கு ஊடு தேடி அலையறாங்க. அதுல நீலப் பொடவை கட்டிக்கினு ஒருத்தி வர்றா பாரு, அது என் மூத்த பொண்ணு நர்மதா."

படம் போனிலேயே கிடைக்கிறது. எப்படித் தேடுவது என்று அம்மாவுக்குத் தெரியாது. வாங்க வந்தவர்கள் கையிலேயே போனைக் கொடுத்து, தேட வைத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நண்டைக் கொடுப்பாள். ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி லைன் வீட்டில் தங்கியிருக்கும் பையன்களைக்கூட விடவில்லை. எங்களுக்குத் தமிழ் தெரியாது என்று அவர்கள் கையை விரித்தால், "பாஷை தெரியலன்னா இன்னா? கீழ இங்கிலீசுல எழுத்து ஓடுது. படிச்சுக்கோ நைனா" என்பாள். அவர்கள் பார்த்தார்கள். அடுத்த வாரம் வந்து, "மா, ரொம்ப நல்லா" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அன்றைக்கு அவர்களுக்கு இரண்டு நண்டு சும்மாவே போனது.

எல்லாரும் அப்படி இல்லை. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் ஓர் அம்மாள், "ஐயோ, அந்த மாதிரிப் படமா?" என்று முகத்தைச் சுளித்தாள். அம்மா தராசிலிருந்த நண்டைத் திரும்பக் கூடைக்குள் போட்டாள். "அந்த மாதிரின்னா எந்த மாதிரி?" என்று கேட்டாள். அந்த அம்மாள் ஏதோ முனகினாள். அம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல வாடிக்கை, போய்விட்டது. போனால் போகட்டும். சாயங்காலம் அம்மா இதைச் சொன்னபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

நான் வினோதா, கங்கம்மாளின் இரண்டாவது பெண். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரியும். இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களை அம்மாவிடம் அனுப்பிவைப்பேன்.

எங்களுடையது பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு சின்னக் குப்பம். விடிவதற்குள் அம்மா கிளம்பிவிடுவாள். பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் கூடைக்காரர்கள் ஏறுகிற வெண்டர் பெட்டி, கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் தெருத் தெருவாக நடை. கழுத்தில் நல்ல வலுவுள்ளவள். அப்பா இருந்தபோதும் வீட்டுக்கு அரிசி வாங்கியது அந்தக் கழுத்துதான். அப்பா பிடித்த மீன் காசில் பாதி அவர் கோபத்தில் இழுத்த வம்புக்கும் மீதி அவருடைய குடிக்கும் சரியாகப் போயிற்று. செத்துப்போனவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். என் அக்காவை வீட்டைவிட்டுத் துரத்தியவர் அவர். நான் பேசலாம்.

பிளஸ் டூ முடித்த கையோடு அக்கா வீட்டில் உண்மையைச் சொன்னாள். நான் ஆம்பளை இல்லை, பொண்ணு என்றாள். அப்பா துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிய துணியோடு போனாள். அப்போது அவளுக்கு இருந்த பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் அவள் பட்டதெல்லாம் கொஞ்சநஞ்சம் அல்ல. கடை கடையாகக் கை நீட்டினாள், அடி வாங்கினாள், தையல் கற்றாள், சமையல் கற்றாள். இன்றைக்கு கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய கேன்டீனில் சூப்பர்வைசர். காய்கறி கான்ட்ராக்டர்கள் அவளைக் கண்டால் அழுகின தக்காளியை வண்டியிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

அந்தக் கேன்டீனில்தான் அருணா அவளைப் பார்த்தது. அருணா சினிமா எடுக்கிற பெண். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை, நாலைந்து சிநேகிதர்கள், ஒரு கேமரா, அவ்வளவுதான். இடம் பார்க்க வந்தவள் சாப்பிட உட்கார்ந்தாள். அக்கா ஒரு கான்ட்ராக்டரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். அருணா சாப்பாட்டை மறந்து அதையே பார்த்திருக்கிறாள். நடிக்க வருகிறீர்களா என்று கேட்டாளாம். "எனக்கு நடிக்கத் தெரியாது, திட்டத்தான் தெரியும்" என்றாளாம் அக்கா. அது போதும் என்றாளாம் அருணா. லீவு நாள்களில் எடுத்து எடுத்து ஒரு வழியாகப் படம் முடிந்தது. சென்னையில் ஒரு தியேட்டரில் சில காட்சிகள் ஓடியது. அம்மா என்னையும் தம்பி மதனையும் கூட்டிக்கொண்டு போனாள். படம் முழுக்கத் திரையோடு பேசிக்கொண்டே இருந்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததற்கு, "என் பொண்ணு சார், என் பொண்ணு" என்றாள். அவர் எழுந்து கைகொடுத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தச் சிபாரிசு.

இந்த வருஷம் ஆடியில் எங்கள் கங்கையம்மன் திருவிழாவில் பட உபயம் எங்கள் வீட்டு முறையாக வந்தது. எங்கள் குப்பத்தில் திருவிழாவின் கடைசி நாள் மணலில் திரை கட்டிப் படம் போடுவார்கள். செலவை ஒரு வீடு ஏற்கும். எந்த வீட்டு முறையோ அந்த வீடு சொல்கிற படம்தான், ஊர் அதில் வாய் திறக்காது. இடைவேளையில் விளக்கைப் போட்டு அந்த வீட்டை முன்னால் கூப்பிட்டு மரியாதை செய்வார்கள். வீட்டில் மூத்தது ஆணாக இருந்தால் ஊர்த் தலைவர் கையால் மாலை. பெண்ணாக இருந்தால் தலைவர் மனைவி கையால் தலைக்குப் பூவும் நெற்றிக்குக் குங்குமமும். தாலி அறுத்தவள் என்பதால் அம்மாவுக்கு அது கிடையாது. பெற்ற பிள்ளைகளில் மூத்ததுக்குத்தான் போகும்.

மூத்தது நர்மதா. அப்பா செத்த பிறகு வீட்டுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், போவாள். திருவிழாவுக்கு மட்டும் ஒருதடவைகூட வந்ததில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஊர் நடுவில், எல்லார் கண் முன்னாலும், தன் மூத்த பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும்.

தலைவர் மணவாளன் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் வாசலில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, படம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். 'எங்க ஊட்டு விலாசம்'."

மணவாளனுக்குத் தெரியாமல் இருக்குமா? குப்பம் முழுக்க அம்மா காது புளிக்கச் சொல்லி வைத்திருந்தாளே. வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏம்மா, சாமி கும்புட வர்ற ஜனம். அதுல பாட்டு கீதா, சண்டை கீதா?"

"சண்டை கீது. ஊடு வாடகைக்குக் கேட்டுப் போடுற சண்டை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "முறை உன்னுது, படம் உன் இஷ்டம். நான் இன்னிக்கு உன்னைத் தடுத்தா நாளைக்கு என் முறையை எவனாச்சும் தடுப்பான். போட்டுக்கோ. ஆனா மாலை உன் பையன் மதனுக்குத்தான்."

"மூத்தது குத்துக்கல்லாட்டம் கீறப்போ சின்னதுக்கு எப்புடிண்ணா?"

"மாலை ஆம்பளைக்கும்மா. உன் ஊட்டுல ஆம்பளை அவன் ஒருத்தன்தானே."

"நான் எப்போ மாலை கேட்டேன்? பூ வைங்கன்றேன். பொம்பளைக்குப் பூதானே?"

மணவாளன் வலையில் அடுத்த சிக்கைத் தேடினார். "அதெல்லாம் ஊரு ஒத்துக்கணும்" என்றார். ஊர் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். ஊர் என்று தனியாக ஒரு ஆள் எங்காவது உட்கார்ந்திருக்கிறானா, போய்க் கேட்க? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பிடித்த பிடியை அவள் விடவில்லை. படகுத்துறையில் பிடித்தாள், டீக்கடையில் பிடித்தாள், கோயில் மண்டபத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது ஏணிக்குக் கீழே நின்று பிடித்தாள். ஒரு கட்டத்தில் மணவாளன் அம்மா வருவதைத் தூரத்தில் பார்த்தாலே படகை ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார். அக்கா போனில், "உடும்மா. படம் நம்ம ஊர்ல ஓடுது இல்ல, அதுவே போதும்" என்றாள். "உனக்குப் போதும்டி. எனக்குப் போதாது" என்று அம்மா போனை வைத்தாள். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். வெங்காயம் என்றாள். அன்றைக்கு வெங்காயமே உரிக்கவில்லை.

இதற்கிடையில் வெண்டர் பெட்டியில் இன்னொரு யுத்தம். மணவாளனின் மனைவி பூவம்மாளும் மீன் விற்கிறவள்தான். தலைவர் மனைவி என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. அவளும் அம்மாவும் பல வருஷமாக ஒரே பெட்டியில், பக்கத்துப் பக்கத்தில். இடத்துக்குச் சண்டை, ஐஸ் தண்ணீர் யார் கூடையிலிருந்து யார் மேல் ஒழுகியது என்று சண்டை, யார் வாடிக்கையை யார் இழுத்தாள் என்று சண்டை. ஒருநாள் ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கு அன்றைக்கு வியாபாரமே ஓடாது. அவளிடமும் அம்மா படத்தைச் சிபாரிசு செய்யாமல் இருப்பாளா?

"ஏன்மே காலங்காத்தால பேஜாரு பண்ற? இன்னும் நாஷ்டாகூட உள்ள எறங்கல" என்பாள் பூவம்மாள். "உன் படத்தை நீயே பாத்துக்கோ. எனக்குப் போன்ல பார்த்தா கண்ணு வலிக்குது."

படம் பார் என்றுதான் அம்மா அவளைக் கேட்டாளே தவிர, பூ வை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடை வைக்கிற இடத்துக்கு மல்லுக்கு நிற்கிறவளிடம் போய்த் தயவு கேட்பதா? அது நடக்காது. கேட்க வேண்டிய ஆள் மணவாளன்தான் என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திருவிழா அன்று கூழ் ஊற்றி முடித்து, சாமி ஊர்வலம் வந்து நின்று, பொழுது சாய்ந்ததும் திரை கட்டினார்கள். ஒரு பக்கம் ஆம்பளைகள், ஒரு பக்கம் பொம்பளைகள், முன்னால் பொடிசுகள். சிப்காட்டிலிருந்து அம்மாவின் வாடிக்கைக்காரர்கள் வேறு ஒரு வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். அந்த ஒடிசாப் பையன்கள் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். அருணாவும் வந்து புரொஜக்டர் பக்கத்தில் நின்றாள்.

அக்கா அரக்குப் பட்டு கட்டி வந்தாள். ஆளும் உயரம், நடையும் நிமிர்ந்த நடை. ஓரமாக வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று அவள் நினைத்திருப்பாள். அம்மா விடுவாளா? கையைப் பிடித்து, கூட்டத்துக்கு நடுவில், எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு, பொம்பளைகள் பக்கத்தில் முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். யாரோ கிசுகிசுத்தார்கள். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன், அந்தக் கிசுகிசுப்பு அதோடு சரி. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எங்கள் குப்பத்தில் என் அக்கா மாதிரி அழகாக ஒருத்தியும் இல்லை.

படம் ஆரம்பித்தது. முதலில் பையன்கள் விசிலடித்தார்கள். பெயர் வரும்போது "நர்மதா" என்று திரையில் பெரிதாக விழுந்தது, அதற்கும் விசில். அப்புறம் வீடு தேடுகிற காட்சிகள். வீட்டுக்காரன் போனில் 'ரூம் காலியா இருக்கு, வாங்க' என்கிறான். மூன்று பேரும் நேரில் போய் நிற்கிறார்கள். முகத்தைப் பார்த்ததும், 'காலையிலதான் அட்வான்ஸ் வாங்கிட்டேன்' என்கிறான்.

"பொய் சொல்றான் நாசமாப் போறவன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மீன்காரச் சாதி என்று கேட்டு வாடகைக்கு வீடு மறுத்த கதை எங்கள் குப்பத்தில் எந்த வீட்டில் இல்லை? சிப்காட்டில் வேலைக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் பட்டதுதான். அடுத்த வீட்டுக்காரன் கதவைச் சாத்தியபோது பொம்பளைகள் பக்கம் மொத்தமாகக் கொதித்தது. அக்கா அந்தக் கதவுக்கு முன்னால் நின்று ஒரு திட்டு திட்டுவாள் பாருங்கள், அதற்குக் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

அப்புறம் அந்தப் போன் காட்சி வந்தது.

அதை அருணா எழுதவில்லை, அக்கா கொடுத்தது. படத்தில் அவள் அம்மாவுக்குப் போன் போடுகிறாள். அம்மா ரயிலில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். போனை எடுக்கிறாள், காதில் வைக்கிறாள், பேசவில்லை. மகளும் பேசவில்லை. ரயில் சத்தம், கூடைக்காரிகள் சண்டை, சுண்டல் விற்கிறவன் குரல், அதையெல்லாம் மகள் அங்கே கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பக்கத்தில் இருக்கிறவள், 'யாரு மே போன்ல? பேசாமக் கேட்டுக்கினே கீற?' என்கிறாள். 'ராங் நம்பர்' என்று அம்மா போனை வைக்கிறாள்.

அப்பா உயிரோடு இருந்த அத்தனை வருஷமும் இதேதான் நடந்தது. வீட்டில் எடுக்க முடியாது, ரயிலில்தான் எடுக்க முடியும். பேசினால் பக்கத்தில் தெரிந்துவிடும், ஊருக்குப் போய்விடும், அப்பா காதுக்குப் போய்விடும். அதனால் வெறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், தாயும் மகளும். பக்கத்தில் உட்கார்ந்து போனில் யார் என்று நிஜத்தில் கேட்டது பூவம்மாள். படத்தில் அந்தக் கேள்விகூட அவள் கேட்கிற மாதிரியே, இழுத்து இழுத்து.

நான் பூவம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். யாருக்கு மரியாதை என்றாலும் தலைவர் மனைவி கையோடு கொண்டுவருகிற பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்தபடி இருந்தது. திரையைப் பார்த்தாள், என் அம்மாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

இடைவேளை. விளக்கு எரிந்தது. மணவாளன் மைக்கைத் தட்டி, "இன்னிக்குப் படம் கங்கம்மா வீட்டு உபயம். மதன் முன்னால வரவும்" என்றார்.

தம்பி மதன் எழுந்தான். அக்காவைப் பார்த்தான், நகரவில்லை. பாவம், நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு நின்றான். அக்கா அவனை, "போடா, போ" என்று சைகை காட்டினாள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். போச்சுடா, இன்றைக்குத் திருவிழா ரெண்டுபடத்தான் போகிறது என்று நானும் எழுந்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் பூவம்மாள் எழுந்திருந்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அக்காவை நோக்கி வந்தாள்.

"பூவம்மா, எங்க போற?" மணவாளன் மைக்கைக் கீழே இறக்காமலே கேட்டுவிட்டார். ஊர் முழுக்கக் கேட்டது.

"யோவ், மாலை உன் கை. பூ என் கை. பூ வைக்க உன்னை எவ கேட்டா?" என்றாள் பூவம்மாள். அவளுக்கு மைக் தேவையே இல்லை. "கேட்டாளே ஒருத்தி, இத்தினி நாளா உன் பின்னாலயே சுத்திக்கினு! பக்கத்துல குந்திக்கினு கீற என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மணவாளன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே யாரும் இல்லாமல் நின்றார்.

பூவம்மாள் அக்கா முன்னால் வந்து நின்று, "குனிடி, எட்டலை" என்றாள். அக்கா குனிந்தாள். பூவம்மாள் நாலு முழ மல்லிகையை மடித்துக் கொண்டையில் செருகினாள். குங்குமத்தை எடுத்து நெற்றியில் அழுத்தி வைத்தாள். அக்காவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "அழாத, குங்குமம் கரைஞ்சுடும்" என்று தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. முதலில் ஒரு குரல், அப்புறம் எல்லாக் குரலும். "மூத்தவளுக்கு வெச்சாச்சு. இப்ப சின்னவனுக்குப் போடுய்யா உன் மாலையை" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

அப்புறம்தான் அம்மா பக்கம் திரும்பினாள்.

"ராங் நம்பருன்னியே, பாவி. இத்தினி வருஷமா என் தோள்ல இடிச்சுக்கினே ராங் நம்பருன்னியே. நான் யார்கிட்டடி போய் சொல்லியிருப்பேன்?"

அம்மா செருகியிருந்த முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

"இப்ப கேக்கறேன், சொல்லு" என்றாள் பூவம்மாள். "யாரு மே போன்ல?"

"என் பொண்ணு" என்றாள் அம்மா. "என் பொண்ணுதான் பூவு." சொல்லிவிட்டு அவள் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு, பத்துப் பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல், சத்தமாக அழுதாள்.